சிசுக்கொலை வழக்கில் சட்டம் யாரைத் தேடுகிறது?

மறைந்த தோழரின் நினைவுக் கூட்டத்தில் சட்டப் பிரிவுகளைப் பேசுவது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் சேரிப் பெண்ணின் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும்போது அந்தப் பிரிவுகள்தான் பேசுகின்றன. ஆகவே நாம் அவற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

சிசுக்கொலை என்று தனியான குற்றம் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் இல்லை. பிறந்த குழந்தையைக் கொன்றால் அது கொலை. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் 302, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. ஆயுள் தண்டனை அல்லது தூக்கு. குழந்தை உயிரோடு பிறக்காமல் தடுத்தால், அல்லது பிறந்தபின் சாகும்படி செய்தால், பிரிவு 91, பத்தாண்டு வரை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைக் கைவிட்டால் 93, ஏழாண்டு வரை. இறந்த சிசுவின் உடலை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைத்தால் 94, இரண்டாண்டு வரை. இந்தக் கடைசிப் பிரிவுக்குக் கொலையே வேண்டாம். வயிற்றிலேயே இறந்து பிறந்தாலும் பொருந்தும். அவமானத்துக்கு அஞ்சி மறைத்ததே குற்றமாகிவிடுகிறது.

இந்தச் சட்டத்தை நமக்கு எழுதித் தந்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் 1922இலும் 1938இலும் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டார்கள். பிரசவத்தால் மனநிலை குலைந்த தாய், ஒரு வயது நிரம்பாத தன் குழந்தையைக் கொன்றால், அதைக் கொலையாகத் தண்டிப்பதில்லை. நமக்கு விட்டுப்போனது 1860 மட்டும்தான்.

சட்டம் தண்டனையை நீட்டிய காலத்தில் கதவைத் திறந்தவர்கள் யார்? 1863இல் பூனாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் தொடங்கினார்கள். மறுமணம் மறுக்கப்பட்டு, கருவுற்று, கைவிடப்பட்ட பார்ப்பன விதவைகள் அங்கே பிரசவித்தார்கள். அப்படி ஒரு விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள். சாதி துரத்திய பெண்ணுக்குச் சூத்திரர் வீடு அடைக்கலமானது. சிசுவின் சாவுக்குக் காரணம் தாயின் கொடுமை என்று சட்டம் சொன்னது. சாதியின் கொடுமை என்று புலே சொன்னார்.

சிசுவின் உயிர் பெரிதல்ல என்று நாம் சொல்லவில்லை. பெண் என்பதற்காகவே குடும்பம் கூடி முடிவெடுத்துக் கொல்வதை நாம் எதிர்க்கிறோம். அதற்காகத்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஆனால் குடும்பம் முடிவெடுக்கும் இடத்திலும், ஏமாற்றப்பட்டுத் தனியே பிரசவிக்கும் இடத்திலும், விலங்கு முதலில் தாயின் கையில்தான் விழுகிறது. கைவிடுதல் பற்றிய பிரிவு தந்தை, தாய் இருவரையும் சொல்கிறது. விசாரணை தந்தையைத் தேடிப் போவதில்லை. அவன் நிலம் வைத்திருப்பவனாக, ஊர்க்காரனாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சத்தீஸ்கரில் கணவனைப் பிரிந்து தனியே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, சிசுவைக் கொன்றதாக ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. இறந்த சிசுவுக்கும் அவருக்கும் எந்த உறவும் நிரூபிக்கப்படவில்லை. தனியாக வாழ்கிறார் என்பதாலேயே ஒரு பெண்மீது பழி சுமத்தக் கூடாது என்றது நீதிமன்றம். இதைச் சொல்ல உச்சநீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

ஆகவே மாணவர்களே, வழக்குக் கட்டு கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை உயிரோடு பிறந்ததா? நுரையீரலைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப முடியாது. அழுகிய உடலின் நுரையீரலும் மிதக்கும். அது இவருடைய குழந்தைதானா? தகப்பன் எங்கே?

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. கைதான முதல் நாளே அதைக் கேட்டுப் பெற்றுத் தருவது நம் வேலை. புலே இல்லம் திறந்தார். நாம் குறைந்தது காவல் நிலைய வாசலிலாவது நிற்போம்.

ஜெய்பீம்.