நித்தியகல்யாணி தந்த மருந்து



வீட்டு வாசலிலும், கோயில் நந்தவனத்திலும், பாழ்நிலத்திலும், இடுகாட்டு மண்மேட்டிலும் ஒரே விதமாகப் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீர் ஊற்றுவாரில்லை, உரமிடுவாரில்லை, இலையின் கசப்பினால் ஆடு மாடுகளும் அதைத் தீண்டுவதில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்து இதழ்ப் பூக்கள் அதில் குறைவதேயில்லை. என்றும் பூப்பதால் அதனை நித்தியகல்யாணி என்றனர். சுடுகாட்டில் மண்டிக் கிடக்கக் கண்டவர்கள் சுடுகாட்டு மல்லி என்றனர். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தேறிய செடிக்கு மங்கலமாக ஒன்றும் அமங்கலமாக ஒன்றுமாய் இரு பெயர்களை நம்மவர் சூட்டியது தற்செயலே. ஆனால் அதன் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தின் கதையைக் கேட்டால், இரண்டு பெயர்களும் பொருந்தும் என்றே உங்களுக்குத் தோன்றும்.

1952 ஆம் ஆண்டில் கனடா நாட்டில் கிளார்க் நோபிள் என்னும் டாக்டருக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் ஜமேக்காத் தீவில் இருந்த ஒரு டாக்டர். உறைக்குள் இந்தச் செடியின் இலைகள் இருந்தன. இன்சுலின் கிட்டாத ஏழை மக்கள் இவ்விலையைக் காய்ச்சிக் குடித்து நீரிழிவுக்கு மருந்தாகக் கொள்கின்றனர். இதில் உண்மை ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கலாமே என்பது செய்தி. கிளார்க் நோபிள், இளமையில் டொரான்டோ நகரில் இன்சுலினைக் கண்டறிந்த குழுவினரோடு பணியாற்றியவர். ஆகவேதான் இலைகள் அவரைத் தேடிச் சென்றன. அவர் ஓய்வு பெற்றிருந்தமையால், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அவற்றை அனுப்பிவைத்தார்.

தம்பியார் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியே புகட்டினார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வேறு கெடுதலும் நேரவில்லை. பிறகு சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் மடிந்தன. இந்த இடத்தில் ஆராய்ச்சியைக் கைவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இலை நீரிழிவுக்கு உதவாது. ஆனால் கேளாத கேள்வி ஒன்று எஞ்சி நின்றது. எலிகள் ஏன் இறந்தன?

இறந்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. வழக்கமாக எலிகளை ஒன்றும் செய்யாத கிருமிகளே அவற்றைக் கொன்றிருந்தன. கிருமிகளோடு போரிட வேண்டிய வெள்ளணுக்கள் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜை செயலற்றுக் கிடந்தது. வெள்ளணுக்களை இவ்வாறு ஒடுக்கும் பொருள் இலையில் உண்டென்றால், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு அதை ஏன் பயன்படுத்தக் கூடாது? சார்லஸ் பீர் என்னும் இரசாயன அறிஞர் நோபிளுடன் சேர்ந்து, அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1958 இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின்.

அதே காலத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தாரும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அங்கே கோர்டன் ஸ்வோபோடா என்பவர் இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்தார். அதுதான் வின்கிரிஸ்டின். 1963 இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது.

இவ்விரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் எனலாம். ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. வேறு வேற்றுமை இல்லை. இத்தனை சிறு மாற்றத்துக்கு எவ்வளவு பெரிய விளைவு பாருங்கள்! வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்க் கணுக்களின் புற்றுநோயில் பெரிதும் பயன்படுகிறது. வின்கிரிஸ்டினோ மஜ்ஜையை அவ்வளவாக வருத்துவதில்லை, நரம்புகளை வருத்துகிறது. மஜ்ஜையை ஒடுக்கும் மற்ற மருந்துகளோடு இதைச் சேர்த்துக் கொடுக்க முடிவதற்கு அதுவே காரணம்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? கல்லூரியில் தாவரவியல் பயில்வோர் வெங்காயத்தின் வேர் நுனியை நசுக்கி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவே வரிசையாக வந்து நிற்கின்றன. இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து அவற்றைப் பற்றி, பாதியை இப்புறமும் பாதியை அப்புறமும் இழுத்துச் செல்கின்றன. அந்த இழைகள் உண்மையில் நுண்ணிய குழல்கள். டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள், செங்கல்மேல் செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கப்பட்டு அவை உருவாகின்றன. வின்கிரிஸ்டின் இச்செங்கற்களைப் பற்றிக்கொண்டு, குழல் எழவொட்டாமல் செய்துவிடுகிறது. குரோமோசோம்கள் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. பிரியவும் இயலாமல், பழைய நிலைக்கு மீளவும் இயலாமல், உயிரணு மடிகிறது.

புற்றணுக்கள் ஓயாது பிரிபவை. ஆகவே அடி அவற்றின்மேல் அதிகம் விழுகிறது. மயிர்க்கால்களின் உயிரணுக்களும் விரைவாகப் பிரிபவைதாம்; அதனால் முடி உதிர்கிறது. பிரியாத நரம்பணுவுக்கு ஏன் தீங்கு வரவேண்டும் என்று கேட்பீர்கள். முதுகுத்தண்டின் அருகிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பு இழைக்குள், சத்துப் பொருள்கள் செல்லும் தண்டவாளமாக அமைந்திருப்பவையும் இதே குழல்களே. அவை சிதைந்தால், நீண்ட நரம்புகள் முதலில் வாடுகின்றன. விரல்கள் மரத்துப்போகும், குழந்தை படியேறத் தடுமாறும், குடல் மந்தித்து மலச்சிக்கல் உண்டாகும். பெரும்பாலும் இவை நாளடைவில் சரியாகிவிடுகின்றன.

மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். குழந்தையின் உடற்பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வீதம், வாரம் ஒரு முறை இரத்தக்குழாயில் செலுத்துவது பொதுவான முறை. உடல் எவ்வளவு பெரிதாயினும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது.

இனி, இம்மருந்து எங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோய், 1940களுக்கு முன் சில மாதங்களில் உயிரைப் பறித்துவிடும் நோயாக இருந்தது. தனித்தனி மருந்துகள் சில வாரங்களோ மாதங்களோ அவகாசம் தந்தன. நோய் மீண்டும் தலைதூக்கியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃபிரை, எமில் ஃபிரைரைக் என்னும் இரு டாக்டர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தனர். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரட்னிசோன் என்னும் நான்கையும் ஒருங்கே கொடுத்தனர். நோயால் நலிந்த பிஞ்சுகளின்மேல் நான்கு நஞ்சுகளையா என்று சக டாக்டர்களே கடிந்தனர். அன்று இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்த சிகிச்சையால், இன்று செல்வம் மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

வின்கிரிஸ்டினையும் பிரட்னிசோனையும் சேர்த்துக் கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வாரங்களில் நோயின் அடையாளம் மறைந்துவிடுகிறது. காய்ச்சல் நிற்கும், வெளுத்த முகம் சிவக்கும், பிள்ளை ஓடி விளையாடும். பெற்றோர் ஏமாறும் இடம் இதுவே. நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். ஆயிரத்தில் 999 ஐ மருந்து கொன்றுவிட்டது என்று கொள்வோம். எஞ்சியவை எத்தனை? நூறு கோடி! நுண்பெருக்கியில் பார்க்கும் டாக்டரின் கண்ணுக்கு அவை அகப்படமாட்டா. அந்த நூறு கோடியையும் தேடித் தீர்ப்பதற்காகவே சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. “பிள்ளைக்குத்தான் குணமாகிவிட்டதே” என்று பாதியில் நின்றுவிட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். சில மாதங்கள் கழித்து அவர்கள் திரும்பி வருவார்கள். அப்போது நோய் முன்போல் மருந்துக்கு எளிதில் பணிவதில்லை.

ஒரு தாய் ஒரு முறை என்னிடம் கேட்டார்: “ஐயா, இந்த ஊசி மருந்து நித்தியகல்யாணியில் இருந்துதான் வருகிறது என்கிறார்களே. எங்கள் கொல்லையில் அது காடாய்க் கிடக்கிறது. கஷாயம் வைத்துக் கொடுத்தால் ஆகாதா? பஸ் செலவாவது மிச்சமாகுமே.” நியாயமான கேள்விதான், வறுமை கேட்ட கேள்வி. அதற்குரிய விடை ராபர்ட் நோபிளின் எலிகளிடமே இருக்கிறது. வாயால் சாற்றை அருந்திய எலிகளுக்கு வெள்ளணுக்கள் குறையவில்லை. ஊசி வழியே பெற்றவற்றுக்குத்தான் குறைந்தன. மேலும், ஒரு டன் உலர்ந்த இலையை அரைத்து வடித்தாலும் வின்கிரிஸ்டின் சில கிராமுக்குமேல் தேறாது. அதோடு நூற்றுக்கு மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும் அவ்விலையில் கலந்திருக்கின்றன. ஒரு குவளைக் கஷாயத்தில் எது எவ்வளவு என்று எவராலும் கூற இயலாது. மருந்து தேவையான அளவுக்குக் கிட்டாது. வேண்டாத நஞ்சு எவ்வளவு சேரும் என்பதும் தெரியாது. அந்த அம்மையாரிடம் இதையெல்லாம் விளக்கிய பின், அடுத்த வாரத்து ஊசிக்கு வரும் நாளைக் குறித்துக் கொடுத்தேன். தவறாமல் வந்தார்.

தமிழகத்தின் தென்பகுதி வறண்ட நிலங்களில் இச்செடியைப் பயிரிடுவதுண்டு. இலையும் வேரும் உலர்த்தப்பட்டு மருந்துத் தொழிலுக்குச் செல்கின்றன. செடியில் ஏராளமாக உள்ள எளிய பொருள்களைப் பிரித்தெடுத்து, இணைத்து, வின்கிரிஸ்டினாக மாற்றும் முறையும் கைவந்துவிட்டது. 2022 இல் ஈஸ்ட் என்னும் நொதியணுவுக்குச் செடியின் மரபணுக்களைப் புகுத்தி, அவ்வெளிய பொருள்களை அதைக்கொண்டே செய்வித்தனர் அறிஞர்கள். ஆனால் மருந்து கிட்டுவது எக்காலமும் உறுதியென்று எண்ணிவிட வேண்டாம். 2019 இல் அமெரிக்காவிலேயே இதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, குழந்தைகளின் டாக்டர்கள் கலங்கி நின்றனர்.

மருத்துவமும் மருந்தியலும் பயில எண்ணுவோருக்கு இன்னும் ஒரு செய்தி. இந்நோயுற்ற குழந்தைக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை முதுகுத்தண்டின் நீரில் செலுத்துவதுண்டு. வின்கிரிஸ்டினை இரத்தக்குழாயில் மட்டுமே செலுத்தலாம். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே தோற்றமுள்ள ஊசிக் குழல்களில் வைக்கப்பட்ட காலம் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துவிட்ட கைகளும் உண்டு. முதுகுத்தண்டில் புகுந்த வின்கிரிஸ்டின் பெரும்பாலும் உயிரைக் கொண்டே போய்விடுகிறது. பல நாடுகளில், நல்ல மருத்துவமனைகளில், தேர்ந்த டாக்டர்களின் கையாலேயே இது நேர்ந்திருக்கிறது. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள். இருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அப்படியும் தவறு முற்றிலும் நிற்கவில்லை. 2007 இல் உலக சுகாதார நிறுவனம் எளிய வழி ஒன்றை வற்புறுத்தியது: வின்கிரிஸ்டினை ஊசிக் குழலில் நிரப்பவே வேண்டாம், உப்பு நீரில் கலந்து ஒரு சிறிய பையில் இட்டு, இரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள் என்றது. அவ்வளவு நீரை முதுகுத்தண்டில் ஏற்ற எந்த டாக்டருக்கும் தோன்றாது. களைத்துப் போன கையும் அந்தப் பையை எடுக்கும்போது ஒரு கணம் நின்றுவிடும்.