தொழிற்பயிற்சியில் நம் பிள்ளைகள் நிலைபெற

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள், இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனை பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் சேர்த்துவிட்டது என்பதை எடுத்துரைத்தார்கள். அப்பெருமை நமக்கு உரியதே. ஆயினும் மேடைக்கு வருமுன் நம் செயலாளர் வைத்திருக்கும் பேரேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். சேர்ந்த நாளுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கட்டிய தொகைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. படித்து முடித்த நாளுக்குக் கட்டம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் பள்ளிப் பதிவேடும் அப்படிப்பட்டதுதான். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு எங்கள் கடமை தீர்ந்தது என்று நாங்களும் இருந்துவிடுகிறோம். இல்லாத அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பத்தாம் வகுப்போடு நிற்கும் நம் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகளில் ஒரு தொழிலைக் கையில் கொடுக்கக்கூடியது தொழிற்பயிற்சி நிலையம். நாடு முழுவதற்குமான கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பிட்டர் பிரிவும் எலக்ட்ரீசியன் பிரிவும் இரண்டு ஆண்டு. வெல்டர் பிரிவு ஓராண்டு. அதற்குப்பின் தொழில் பழகுநர் பயிற்சி. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குக்கூடப் பத்தாம் வகுப்புடன் இந்தத் தொழிற்சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 1928இல் போடிக்கு வந்த ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்று, 2023 ஜூன் 15இல்தான் திரும்ப வந்தது. அன்று நிலையத்தில் கூடி நின்று கைதட்டினோம். அந்த எஞ்சினில் நம் தெருப் பிள்ளை ஒருவன் ஏறி உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றே தோன்றியது. மலையிலும் வேலை இல்லாமல் இல்லை. ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர்களிலும் தரம் பிரிக்கும் கூடங்களிலும் மோட்டார்களும் இயந்திரங்களும் ஓடுகின்றன. அவை பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சேர்ந்த பிள்ளை ஏன் பாதியில் நிற்கிறான்?

பயிற்சியாண்டு தொடங்குவது ஆகஸ்டு மாதத்தை ஒட்டி. மலையில் காய் எடுப்பு மும்முரமாவதும் அதே காலந்தான். அது தை மாதம் வரையிலும் நீளும். ஒரு செடியில் எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. ஏறத்தாழ மாதத்திற்கு ஒருமுறை சுற்றிச் சுற்றி வந்து எடுத்தாக வேண்டும். பருவம் தவறினால் காய் வெடித்துவிடும்; ஆகவே தோட்டக்காரர் காத்திருக்கமாட்டார். விடியுமுன் ஜீப் தெருமுனையில் வந்து நிற்கிறது. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறைப் பக்கமும் சாந்தன்பாறைப் பக்கமும் நம் தாய்மார்கள் போய்வருகிறார்கள். இந்தப் பக்கம் பயிற்சி நிலையம் பையனைக் கூப்பிடுகிறது. அந்தப் பக்கம் ஜீப்காரர் ஒலி எழுப்புகிறார். முதலாண்டின் முதல் ஆறு மாதமும் இந்த இழுபறியிலேயே கழிகின்றன.

'கையில் காசு பார்த்தவன் படிக்கமாட்டான்' என்று நம்மவர்களே சொல்லக் கேட்கிறேன். நான் அதை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் வரை போயிற்று என்று செய்தித்தாளில் படித்தோம். காய் எடுத்த கைக்கு அந்த விலையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். காசின் ஆசையைவிட, வாங்கிய முன்பணத்தின் பாரந்தான் பிள்ளைகளை மலைக்கு ஏற்றுகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் பிட்டர் பிரிவில் சேர்ந்தான். ஊரும் பேரும் வேண்டா. நிலையத்தின் பெயரும் வேண்டா. தந்தை இல்லை. தாய் மலை வேலைக்குப் போகிறவர். ஐப்பசி மழையில் அந்த அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. முன்பணம் வாங்கிய வீடு. ஆள் போகாமல் இருக்க இயலாது. தாய்க்குப் பதில் மகன் ஒன்பது நாள் ஜீப்பில் ஏறினான். பத்தாம் நாள் சீருடை அணிந்து பயிற்சி நிலையத்திற்குச் சென்றான். "அம்மாவையாவது அப்பாவையாவது அழைத்துக்கொண்டு வந்து உட்கார்" என்றார் பயிற்றுநர். அவர்மீது பிழையில்லை. நூற்றுக்கு எண்பது வருகை இல்லையேல் தேர்வு எழுத முடியாது என்னும் விதிக்கு அவரும் கட்டுப்பட்டவர். ஆனால் தாய் அதற்குள் காய்ச்சல் தணிந்து மலைக்குத் திரும்பிவிட்டார். விடியலில் போய் இருட்டில் வருகிறவரை அவன் எப்படி அழைத்துச் செல்வான்? இரண்டு நாள் வாயிற்கதவருகே நின்று பார்த்தான். மூன்றாம் நாள் ஜீப்பில் ஏறிவிட்டான்.

தீபாவளிக்கு முன் போடிக் கடைத்தெருவில் அவனைத் தாயோடு கண்டேன். நடந்தது ஒன்றும் அறியாமல், படிப்பில் அக்கறையற்றவன் என்று பலர் கேட்கக் கடிந்துகொண்டேன். அவன் தலை நிமிரவில்லை. அந்த அம்மையார்தான் கேட்டார்: "நான் மலைக்குப் போயிட்டா அவன் யாரைக் கூட்டிட்டுப் போவான் சார்?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள்முதல், விடுப்பு எடுத்த பிள்ளையிடம் நானும் அந்த வார்த்தையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பெற்றோரை அழைத்து வா! ஒரு நாள் கூலி போகும், ஜீப்பில் இடம் போகும், மேஸ்திரியின் ஏச்சு வரும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எத்தனை பிள்ளைகளை அந்த ஒரு சொல்லால் வெளியே நிறுத்தினேனோ, கணக்கு இல்லை. அடுத்த ஆண்டு சேர்க்கையின்போது அவனைத் தேடிச் சென்று கேட்டேன். அதற்குள் அவன் பெயரிலேயே முன்பணம் வாங்கிவிட்டிருந்தான்.

ஆகவே, நம் பிள்ளைகளில் பலர் படிப்பை விடுவது என்று முடிவுசெய்து விடுவதில்லை. சில நாள் தவறுகிறார்கள். பிறகு திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அந்த ஒன்பது நாளில் வகுப்பில் வெர்னியர் காலிப்பரைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மற்றவர்கள் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைப் படித்துச் சொல்லும்போது இவன் விழிப்பான். பணிமனைக் கணக்கு, பொறியியல் வரைபடம் என்னும் பாடங்களில் முன்பே அச்சம். அச்சத்தோடு வெட்கமும் சேர்ந்தால் வாயிற்கதவு மலைபோல் தெரியும்.

இடையில் நின்ற படிப்பைத் தொடர்வது நமக்கு இழுக்கன்று. அண்ணல் அம்பேத்கர் 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. ஆயினும், நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்ற இசைவைக் கேட்டுப் பெற்றுக்கொண்டுதான் புறப்பட்டார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்ததும், கோலாப்பூர் சாகு மகாராசா அளித்ததும், நண்பரிடம் கடன் பெற்றதுமாகச் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். வைசிராயின் நிருவாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் வந்தது. படிப்பு பணமின்றி நடுவில் நிற்பது எத்தகையது என்பதை அவர் பட்டறிந்தவர்.

இனிச் சங்கம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சேர்க்கையின்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் இசைவுடன் பாதுகாவலராக ஒரு பெரியவரை நியமித்து, நிலைய முதல்வரிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டும். அவர் கூலிக்குப் போகிறவராக இல்லாமல், பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவராக இருத்தல் நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுவலக உதவியாளர், கடை வைத்திருப்பவர் என்று நம்மிடையே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு பேர் இல்லை. பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை என்றால் அவர் வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும். கடிந்துகொள்ளக் கூடாது, இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். திரும்பிப் போகும் நாளில் உடன் சென்று பயிற்றுநரிடம் பேசி, அவனை உள்ளே அமர்த்திவிட்டு வர வேண்டும். தவறிய பாடத்தை, பயிற்சி முடித்து வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இக்கட்டடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம். கரும்பலகை இருக்கிறது. ஒரு வெர்னியர் காலிப்பர் நான் வாங்கித் தருகிறேன்.

பண உதவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022இலும் ஆண்பிள்ளைகளுக்கு 2024இலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. தொழிற்பயிற்சிக்கும் அவை பொருந்தும். ஆனால் உதவி வந்து சேரும் வரையில் உள்ள முதல் மூன்று மாதம் வெறுங்கையாகக் கழிகிறதே, அதற்கு மட்டும் ஒரு சிறு சுழல்நிதி போதும். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் பெண்ணாக இருக்கட்டும். மாலைப் பேருந்து தவறினால் அவர்கள் படும் இடரை நம்மிடம் சொல்லமாட்டார்கள்.

மேடையின் இடப்பக்கத்து மேசைமேல் ஒரு புதிய குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. அதில் படித்து முடித்த நாளுக்கும் கட்டம் போட்டிருக்கிறது. பாதுகாவலராக இருக்க இசைவோர் பெயரும் தெருவும் எழுதலாம். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். சிலமலைப் பக்கத்துப் பிள்ளை யாரேனும் இருந்தால் எனக்குக் கொடுங்கள். பள்ளி விட்டதும் அவ்வழியாகத்தான் வீட்டுக்குச் செல்கிறேன்.