சூடாகும் பழைய கார்

உங்கள் இல்லத்தார் பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்க எண்ணினால், விற்பவர், "எஞ்சின் சற்றுச் சூடாகும்; அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் போதும்" என்று கூறக்கூடும். பணம் எண்ணுமுன், "ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர், வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்கு அளித்து மீள்கிறது. அது மூடிய சுற்று. நீர் அடிக்கடி குறையுமாயின் எங்கோ கசிவு உண்டு.

வண்டியை ஓட்டியும் பார்த்தல் வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டை நோக்கி விரையும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். பொத்தேரியில் கல்லூரி விடும் வேளையில் வண்டி ஊர்ந்தாலோ, விசிறிதான் காற்றை ஈர்த்துத் தர வேண்டும். நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியை ஐயுறுக. அது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். விரைவிலும் சூடேறினால், ரேடியேட்டரில் அடைப்போ நீர் இறைக்கும் பம்பில் பழுதோ இருக்கலாம். எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலோ, சூடான பின்னும் வெண்புகை ஓயாவிட்டாலோ, நீர் எஞ்சினுள்ளேயே புகுந்திருக்கலாம். அவ்வண்டியைச் செப்பனிடும் செலவு வாங்கிய விலையையே விஞ்சிவிடக்கூடும்.

இன்னுமொன்று. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தினால் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேலும் கொதியாதிருக்கும். மூடி அகன்ற கணமே ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், நல்ல மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று பாருங்கள். அவருக்கு அளிக்கும் கூலி வீணாகாது.