பழைய கணினியின் பிணி



வாடிப்பட்டிப் பக்கத்து உழவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடும் காலத்தில் தம் வயலுக்கு மட்டும் நீர் வரவில்லையென்றால், அவர்கள் உடனே கரையை வெட்டிவிட மாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார்கள். எந்த மடை வரையில் நீர் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். ஓரிடத்தில் தென்னை மட்டையொன்று குறுக்கே கிடக்கும். அதை எடுத்துப் போட்டவுடன் நீர் பாயும்.

இந்த நடையைக் கணினிக்கும் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. நம் மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அக்காலத்துக் கணினிகள் பல, அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அக்காளிடமிருந்து தங்கைக்கும் கைமாறி, இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுட் பலவற்றில் இருப்பது 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 என்னும் இயங்குதளம். இயங்குதளமாவது யாது? விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு ஆகிய உறுப்புகளையெல்லாம் ஒருங்கே வேலை வாங்கும் மேலாளர் எனலாம். மேலாளர் முதுமை எய்தினால் அலுவலகத்தில் சில தடுமாற்றங்கள் தோன்றுவது இயல்பன்றோ?

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, 2008-ஆம் ஆண்டு, எங்கள் மாணவர்கள் சுற்றுவட்டாரக் கண்மாய்கள், ஊருணிகள், கிணறுகள் ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றைப் பற்றி முதியோர் கூறிய செய்திகளையும் ஓராண்டுக் காலம் அலைந்து தொகுத்தார்கள். அத்தனையும் அலுவலக அறைக் கணினியில் தட்டச்சாகியிருந்தன. அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு நாள் காலை கணினியைத் திறந்தால், கறுப்புத் திரையில், ‘என்.டி.எல்.டி.ஆர். காணப்படவில்லை’ என்ற ஒரே வரி ஆங்கிலத்தில் நின்றது. நான் பதறிப்போனேன். பெட்டியின் பின்புறம் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியைப் பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினேன். ‘எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுங்கள்’ என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதிவைத்தேன். கடைக்காரர் நான் எழுதியபடியே செய்தார். அவர்மேல் குற்றமில்லை.

இரண்டு திங்கள் சென்றபின் அதே வரி மறுபடியும் திரையில் தோன்றியது. அருகில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, பின்னால் இருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா?” என்றான். எடுத்தோம், கணினி ஓடியது. நடந்தது இதுதான்: தொடக்கத்தில் கணினி வன்தட்டை நாடாமல் பென் டிரைவை நாடியிருக்கிறது, அங்கே இயங்குதளம் இல்லாமையால் நின்றுவிட்டது. முதல் தடவை நான் பென் டிரைவைப் பிடுங்கிய அந்த நொடியிலேயே பிணி தீர்ந்திருந்தது. தீர்ந்த பிணிக்கு மருந்தென்று ஓராண்டு உழைப்பை அழித்தேன். அந்தச் செய்திகளைச் சொன்ன பெரியவர்கள் சிலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அவற்றை மீண்டும் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, கணினி திறக்கவில்லையென்றால் முதலில் செருகியுள்ளவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். திரையில் தோன்றும் வாசகத்தை ஓர் எழுத்தும் விடாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். விண்டோஸ் 7 கணினியாயின், திறந்தவுடன் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால், ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு நிலை கிடைக்கும். அந்நிலையில் இன்றியமையாதவை மட்டுமே இயங்கும். அங்கே கணினி நன்றாக ஓடினால், பின்னாளில் சேர்த்த ஏதோ ஒரு மென்பொருளிலோ, உறுப்பை இயக்கும் நிரலிலோ குறையிருக்கக்கூடும். எந்த மடை வரை நீர் வந்தது என்று பார்ப்பதும் இதுவும் ஒன்றே.

இரண்டாவது, நாளும் நேரமும். கணினிக்குள் நாணயம் போன்ற சிறு மின்கலம் உண்டு. அது தளர்ந்தால், கணினி தன்னைப் பல ஆண்டுகள் பின்னால் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2010-இல் நின்றுகொண்டிருந்தால், இவ்வாண்டுச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவேயில்லை! ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்று அது மறுக்கும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் இவ்வாறு நேர்ந்தால் மாணவன் என்ன ஆவான்? திரையின் வலது மூலையில் உள்ள தேதியைப் பார்த்துத் திருத்தினாலே பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, மந்தம். நினைவகம் நிறைந்துவிட்டால் இயங்குதளம் வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தும். வன்தட்டு நினைவகத்தைவிட மிக மெதுவானது. அதிலும் இடமில்லையென்றால் வேலை தள்ளாடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எந்த மென்பொருள் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்னும் பட்டியல் தோன்றும். வேண்டாதவற்றை நீக்குங்கள். ஆனால் வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை கேட்டால் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். கோப்புகளைப் படியெடுப்பதே அப்போது முதல் வேலை.

நான்காவது, பென் டிரைவில் உள்ள கோப்புறைகள் யாவும் திடீரெனச் ‘ஷார்ட்கட்’ குறிகளாக மாறிவிடுவது. இது ஒருவகை நச்சுநிரலின் வேலை. அது கோப்புறைகளை மறைத்துவைத்து, அவற்றின் பெயரில் போலிக் குறிகளை வைக்கிறது. மறைந்தவை பெரும்பாலும் அழிந்திருக்கமாட்டா. போலிக் குறியைச் சொடுக்காமல், நச்சுநிரல் எதிர்ப்பான் கொண்டு துடைத்தபின், மறைந்துள்ள கோப்புகளைக் காட்டச் செய்தால் அவை கண்ணுக்குப் புலப்படும்.

ஐந்தாவது, தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. யூனிகோடு பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய கோப்பு இவ்வாறு தோன்றினால், கெட்டுப்போயிற்று என்று அழித்துவிடாதீர்கள். உரிய எழுத்துருவை நிறுவிப் படியுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள்.

இனி முதுமையின் எல்லையையும் அறியவேண்டும். விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் பொதுமக்களுக்கு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே பழைய இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது தகாது. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் அது உதவும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் இயங்குதளங்களும் இருக்கின்றன. லினக்ஸ் வகைகள் பலவற்றைப் பென் டிரைவிலிருந்தே, வன்தட்டைத் தொடாமல், ஓட்டிப் பார்க்கலாம். திறக்க மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை மீட்பதற்கும் இவ்வழி துணைசெய்யும். இவ்வழி எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொல்கிறார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். முதலில் படியெடுங்கள், படியை வேறோர் இடத்தில் வையுங்கள். அடுத்துப் பார்த்ததை எழுதுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது. அழித்து ஏற்றுவதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று இன்று மாலை ஒருமுறை திறந்து பாருங்கள். வேறெங்கும் கிடைக்காதது ஏதேனும் அதில் இருந்தால், இன்றே அதற்கொரு படி எடுத்துவிடுங்கள்.