நோய்க்கு ஊர்ப்பெயர் தகுமா?



மருத்துவ நூல்களில் ‘மதுரைக்கால்’ என்றொரு நோய் உண்டு. ஐயம் வேண்டா; பாண்டியர் மதுரையேதான். கழகம் வளர்த்த மாநகரின் பெயர், உலக மருத்துவர் நாவில், சீழொழுகும் காலொன்றின் பெயராக நிற்கின்றது.

1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் இந்நோயைக் கண்டு எழுதினார். எழுதிய இடம் மதுரை, அவ்வளவே. கால் வீங்கிப் பல புழைகள் திறந்து, சீழோடு சிறு மணிகள் வெளிப்படும் இந்நோய் சூடானிலும் உண்டு, மெக்சிக்கோவிலும் உண்டு. செருப்பின்றி உழைப்போர் காலில் முள் தைக்க, மண்ணிலுள்ள பூஞ்சையோ நுண்ணுயிரியோ அவ்வழியே உட்புகுகின்றது. கரணியம் முள்ளும் மண்ணும் வறுமையுமேயன்றி மதுரையன்று. பூஞ்சையால் வந்ததற்கு ஒரு மருந்து. நுண்ணுயிரியால் வந்ததற்கு வேறு மருந்து. ஊர்ப்பெயர் இவற்றுள் எதனையும் மருத்துவர்க்கு உணர்த்துவதில்லை. கார்ட்டர் என்பார் 1860 அளவில் ‘பூஞ்சைக்கட்டி’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். (அதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது வேறு.) ஆயினும் மதுரை நீங்கிற்றில்லை. நோய்செய்யும் பூஞ்சை ஒன்றின் அறிவியற்பெயர் இன்றும் ‘மதுரெல்லா’!

இசுபெயினுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1918-ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சலின் முதற்பதிவுகளுள் ஒன்று அமெரிக்கக் கான்சாசுப் பாசறையினது. போரிட்ட நாடுகள் செய்தித்தாள்களுக்கு வாய்ப்பூட்டு இட்டிருந்தன. போரில் சேராத இசுபெயினின் தாள்களோ, தம் அரசர் அல்போன்சோ நோயுற்றதையும் மறையாது எழுதின. உண்மை சொன்னவன் தலையில் பழி விழுந்தது. ‘இசுபானியக் காய்ச்சல்’ என்றே உலகம் அழைத்தது.

இஃது இனவெறியா என்று வினவுவர். பெயரிட்டோர் அனைவர் நெஞ்சிலும் அவ்வெறி இருந்ததென்று கூறுவதற்கில்லை. பெயர் பொய் சொல்லும் என்பது உறுதி. அப்பொய்யை வெறியன் எடுத்தாள்வான் என்பதும் உறுதி. ஊர்ப்பெயரும் இனப்பெயரும் நோய்க்கு இடலாகாது என 2015-இலேயே உலக நலவாழ்வு நிறுவனம் நெறி வகுத்தது. இருந்தும் 2020-இல் கொரோனாவைச் ‘சீன நச்சுயிரி’ என்றனர். அமெரிக்கத் தெருக்களில் ஆசிய முகத்தவர் வசையும் அடியும் பட்டனர்.

இதில் தமிழர் கையும் தூய்தன்று. பாலுறவால் பரவும் மேகநோயை இத்தாலியர் ‘பிரெஞ்சு நோய்’ என்றனர். பிரெஞ்சியர் ‘நேப்பிள்சு நோய்’ என்றனர். தமிழர் ‘பறங்கிப்புண்’ என்றனர். யானைக்கால் என்றும் என்புருக்கி என்றும், நோயின் உருவும் செயலும் நோக்கிப் பெயரிட்ட அதே தமிழ்வாய், இங்குமட்டும் அயலான்மேல் சாற்றிவிட்டது.