அனுமதிச் சீட்டும் முகவரியும்

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம், பெற்றோர் அனுப்பும் கடிதங்களின் படிகளைக் கூகுள் டிரைவில் சேர்த்து வைக்கிறோம். அப்பணிக்கு என்8என் போன்ற தானியங்கி மென்பொருளை அமர்த்துவோரும் நம்மிடையே உளர். இணைப்பு அறுந்ததை அறியாதிருந்தால், அன்னையின் கடிதமொன்று சேராமலே போய்விடும்.

குற்றம் பெரும்பாலும் கடவுச்சொல்லில் இல்லை. கடவுச்சொல்லை ஒப்படைக்காமல் அனுமதிச் சீட்டு மட்டும் வழங்கும் முறை இது, பெயர் ஓஆத். இதன் இரண்டாம் பதிப்பு 2012-இல் வெளியாயிற்று.

400 என்ற எண்ணோடு ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ எனத் தோன்றினால், சீட்டு திரும்பவேண்டிய முகவரி பொருந்தவில்லை என்பது பொருள். மென்பொருள் காட்டும் முகவரியை எழுத்துப் பிசகாமல் கூகுள் கிளவுட் கன்சோலில் பதிதல் வேண்டும். இறுதியில் ஒரு சாய்கோடு மிகினும் ஏற்காது. செயலி சோதனை நிலையில் இருக்கையில் 403 தோன்றினால், சோதனைப் பயனர் பட்டியலில் நம் மின்னஞ்சல் உளதா என நோக்குவோம்.

வாரந்தோறும் இணைப்பு அறுகின்றதா? சோதனை நிலையில் தரும் சீட்டின் ஆயுள் 7 நாளே. செயலியை வெளியீட்டு நிலைக்கு மாற்றி, மீண்டும் உள்நுழைந்து ஒப்புதல் தருவோம்.

பூட்டைப் பழிக்குமுன் முகவரியைச் சரிபார்ப்போம்.