120 லிட்டர் தண்ணீர்



தண்ணீரைப் பற்றிச் சென்னைக் கொரட்டூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2019 கோடையில் லாரிக்காகக் காத்துக் கிடந்ததையும் மறந்திருக்க மாட்டோம். குடிக்கக் கேன், குளிக்க போர் என்று வீட்டிலேயே தண்ணீரைத் தரம் பிரித்து வைத்திருக்கிறோம். நம் தெருவிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறாரே ஒருவர், அவருக்கு எந்தத் தண்ணீர்?

டயாலிசிஸ் மெஷினில் பொதுவாக நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். தாகத்துக்கு ஒரு டம்ளர் குடிக்கவே கணக்குப் பார்க்கிற மனிதர் அவர். அவர் ரத்தத்துக்கும் இத்தனை தண்ணீருக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். நாம் குடிப்பதைக் குடல் சலித்துத் தரும். இங்கே அந்தக் காவல் இல்லை. குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின்கூட இங்கே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் கார்பன் தொட்டி, சாஃப்ட்னர், ஆர்.ஓ. என்று தனி அறையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் குளோரினைப் பரிசோதிக்க வேண்டும்.

1996-இல் பிரேசிலின் கருவாரு நகரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு லாரியில் வந்த தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. நீர்த்தேக்கத்துப் பாசியின் நஞ்சு அதில் இருந்தது. கல்லீரல் கெட்டு 50 பேருக்கு மேல் இறந்தார்கள். லாரித் தண்ணீரை நம்பிய ஊர்க்காரனாக எனக்கு இது தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை.

தண்ணீர் சரியாக இருந்தாலும் கை சரியாக இருக்க வேண்டுமே. ஒரு ஷிப்ட் முடிந்து, அடுத்தவர் எடை பார்த்துவிட்டு வாசலில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, என் கணக்கில் அதுதான் ஆபத்தான நேரம். நாற்காலியின் கைப்பிடி, மெஷினின் பட்டன், பி.பி. பட்டை எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்த பிறகே அடுத்தவர் உட்கார வேண்டும். கண்ணுக்கே தெரியாத காய்ந்த ரத்தத் துளியில் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். 1969, 70-இல் எடின்பரோவில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் அது பரவியபோது நோயாளிகளோடு ஊழியர்களும் இறந்தார்கள். இதே காரணத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் மருந்தையும் தனி இடத்தில் ஊசியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். குப்பியைத் தட்டில் வைத்துப் படுக்கை படுக்கையாகச் சுற்றக் கூடாது.

"சிஸ்டர், கிளவுஸ் மாத்திட்டீங்களா?" என்று கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். கேளுங்கள். நல்ல சிஸ்டர் கோபிக்க மாட்டார்.

நம் பங்கும் உண்டு. ஊசி போடுமுன் ஃபிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கையை, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் தொடங்குமுன்பே போட்டுக்கொண்டால் நல்லது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் கதீட்டர் குழாய் வைத்திருப்பவருக்கு டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கம் வந்தால், ஏ.சி. அதிகம் என்று போர்வையை இழுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று ஆட்டோவும் ஏறக் கூடாது. ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். உடனே சொல்லுங்கள், அப்போதே ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.